சிறிய வான்கம்பியும் நெடிய அலையும்

நான் இப்பொழுது பேசுவது உங்கள் செவிக்கு எட்டுகின்றது. நீங்கள் வீட்டுத் திண்ணையிலிருந்து மறுமொழி கூறினால் அஃது எனக்கு எட்டாது. உங்களிடம் இருப்பது கேட்கும் கருவியேயன்றிப் பேசும் கருவியன்று. ஆதலின் இதில் வியப்பில்லை. ஆனால், கேட்கவும் பேசவும் வல்ல கருவியொன்றைக் கையில் வைத்திருந்தும், கரையின் குரலைத் தெளிவாகக் கேட்டுக்கொண்டே, தம் குரலைக் கரைக்கு எட்டச் செய்ய இயலாது ஓர் இரவு முழுவதும் கடலில் மிதந்த ஒருவரை நான் அறிவேன். அவர் என்னிடம் படித்தவர். அவருக்கு அன்று நேர்ந்த இடரில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. கலைப்பட்டதாரியாகிய நான் இன்று வான்கம்பிகளைப் பற்றிப் பேசத் துணிந்ததற்கு அதுவே காரணம்.

எங்கள் தம்பிலுவிற் கடற்கரையைக் கண்டவர்களுக்குத் தெரியும். அங்கே துறைமுகம் என்று ஒன்றில்லை. மணலிலிருந்து படகைத் தள்ளி, அலையை மீறிச் சென்று, மீண்டும் மணலுக்கே திரும்ப வேண்டும். நான் குறிப்பிட்ட அந்த மாணவர், சிறு படகொன்றில் தொழில் செய்பவர். படகிலே சிறியதொரு பேசும் வானொலிக் கருவி வைத்திருந்தார். அதற்குரிய ஏரியல், ஆளின் உயரத்தைவிட நெடியதொரு கோல். வலை வீசும்போது அது தடையாயிருந்தது. எனவே, கடையொன்றில் ஒரு முழ நீளமுள்ள குட்டைக் கோலை வாங்கி மாட்டினார். ஒருநாள் பாடசாலைக்கு வந்து, "சேர், குட்டைக் கோலிலும் கரையிற் பேசுவது நன்றாகவே கேட்கிறது. இதையே வைத்துக்கொள்ளலாமா?" என்று கேட்டார்.

வான்கம்பி எதுவும், கேட்பதில் எவ்வளவு தேர்ந்ததோ பேசுவதிலும் அவ்வளவு தேர்ந்தது என்று எங்கோ படித்த நினைவு எனக்கு இருந்தது. "நன்றாகக் கேட்கிறதென்றால் நன்றாகப் பேசவும் முடியுந்தானே, தம்பி" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

சில வாரங்களின் பின், கச்சான் காற்று வீசும் காலத்தில், அவருடைய படகின் இயந்திரம் இரவிலே நின்றுபோயிற்று. கச்சான், தரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்று என்பதைக் கிழக்குக் கரையார் அறிவர். படகு மெல்ல மெல்ல வெளியே ஒதுங்கியது. அவர் கூப்பிட்டார், கரையிலிருந்து விடையில்லை. கரையிலே தம்மைப் பெயர் சொல்லி அழைப்பதை மட்டும் அவர் இடைவிடாது கேட்டுக்கொண்டிருந்தார். விடிந்தபின் கல்முனைப் பக்கத்து ஆழ்கடற் படகொன்று அவரைக் கண்டது. அந்தப் படகின் மரத்திலே முழு நீளக் கோல் இருந்தது. அதன்மூலம் அவர்கள் ஒரு முறை கூப்பிட்டதுமே கரையிலிருந்து விடை வந்தது.

நான் படித்த வாக்கியம் பிழையன்று. அதனை நான் விளங்கிக்கொண்ட விதந்தான் பிழை. எங்கே தவறினேன் என்பதைக் கண்டுகொள்ள நான் கற்றவற்றையே உங்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

முதலில் அலையின் நீளத்தைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். வானொலி அலை, ஒளியைப் போலவே, ஒரு செக்கனில் ஏறத்தாழ 3 இலட்சம் கிலோமீற்றர் செல்வது. ஒரு செக்கனில் எத்தனை முறை அது துடிக்கின்றது என்பதே மீடிறன். 300 என்னும் எண்ணை, மெகா ஹேர்ட்ஸில் கூறப்படும் மீடிறனால் வகுத்தால், அலைநீளம் மீற்றரிற் கிடைக்கும். மத்திய அலையில் 1 மெகா ஹேர்ட்ஸ், அதாவது 1,000 கிலோ ஹேர்ட்ஸ், என்றால் அலைநீளம் 300 மீற்றர். அந்தப் படகிலிருந்த கருவி சுமார் 27 மெகா ஹேர்ட்ஸில் இயங்குவது. அதன் அலைநீளம் 11 மீற்றர். செங்குத்தாக நிற்கும் கோல் ஒன்று இயல்பாகவும் நிறைவாகவும் அலையை வெளியே அனுப்புவதற்கு அலைநீளத்தின் காற்பங்கு உயரம் வேண்டும். 11 மீற்றரின் காற்பங்கு ஏறத்தாழ இரண்டே முக்கால் மீற்றர். ஆளை மிஞ்சிய உயரத்தில் அந்தக் கோலை அமைத்தவர்கள் அழகுக்காக அமைக்கவில்லை.

கோல் குட்டையானால் என்ன கெட்டுவிடும்? எங்கள் பகுதிக் களப்பிலே இறங்கி நின்று, ஒரு மெல்லிய குச்சியை நீரிலே இப்படியும் அப்படியும் ஆட்டிப் பாருங்கள். நீர் குச்சியைச் சுற்றி வழிந்து மறுபுறம் சேர்ந்துவிடும். தொலைவிலே செல்லும் அலை எழாது. அகன்ற பலகையொன்றை அதே வேகத்தில் ஆட்டினால், சுற்றி வர நீருக்கு நேரம் போதாது. அது அலையாகப் புறப்பட்டுவிடும். குட்டை வான்கம்பியின் நிலையும் இதுவே. நாம் செலுத்தும் சக்தி கம்பியைச் சுற்றியுள்ள வெளியிலே சேர்ந்து, மறு துடிப்பிற் கம்பிக்கே திரும்பி வருகின்றது. போவதும் வருவதுமாக அது ஊசலாடுகையில் ஒரு சிறு பங்கே பிரிந்து தொலைவுக்குச் செல்கின்றது.

அந்தச் சிறு பங்கை அளப்பதற்கு அறிஞர்கள் கதிர்ப்புத் தடை என்று ஓர் அளவை வைத்திருக்கிறார்கள். குட்டைக் கோலின் உயரத்தைப் பாதியாக்கினால் இந்தத் தடை பாதியாவதில்லை, காற்பங்காகிவிடுகின்றது. காற்பங்கு அலைநீளக் கோலுக்கு அது சுமார் 36 ஓம். ஒரு முழக் கோலுக்கு, 27 மெகா ஹேர்ட்ஸில், ஏறத்தாழ மூன்றில் இரண்டு ஓம். இதனோடு, கம்பியிலும் சுருளிலும் படகின் இணைப்புகளிலும் வெப்பமாக வீணாகும் இழப்பும் உண்டு. அந்த இழப்புத் தடையை இரண்டு கோல்களுக்கும் 10 ஓம் என்றே கொள்வோம். நெட்டைக் கோலிலே, 46 பங்கில் 36 பங்கு அலையாகப் போகின்றது; அதாவது நூற்றுக்கு 78. குட்டைக் கோலிலோ நூற்றுக்கு ஆறுதான். 4 உவாற்றைச் செலுத்தினால், முதலாவது மூன்று உவாற்றுக்கு மேல் அனுப்பும். இரண்டாவது கால் உவாற்றை அனுப்பும். எஞ்சியதெல்லாம் சுருளைச் சூடாக்கி முடிந்துவிடும்.

அப்படியாயின் அதே குட்டைக் கோல் கரையின் குரலை எவ்வாறு தெளிவாகப் பிடித்தது? என்னை ஏமாற்றிய முடிச்சு இதுதான். இதனை அவிழ்க்க எனது சிறுவயது நினைவொன்று உதவிற்று.

1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆந் திகதி இரவு மட்டக்களப்புக் கரையைத் தாக்கிய சூறாவளியை இப்பகுதியில் முதியோர் எவரும் மறந்திரார். எங்கள் வீட்டிலே பற்றறியில் இயங்கும் பழைய வால்வு வானொலிப்பெட்டி ஒன்று இருந்தது. அதற்காக இரண்டு தென்னைகளுக்கிடையே நீண்ட செப்புக் கம்பியொன்று கட்டியிருந்தார் என் தந்தையார். மறுநாட் காலையில் தென்னைகளுமில்லை, கம்பியுமில்லை. பெட்டி ஊமையாயிற்று. அண்டை வீட்டிலே ஒரு கையடக்கத் திரான்சிஸ்டர் இருந்தது. வெளியே ஒரு கம்பிகூட இல்லாத அந்தச் சிறு பெட்டியைச் சுற்றி ஊரே கூடி நின்று செய்தி கேட்டது.

பெரிய கம்பி போனதும் பெரிய பெட்டி ஊமையாயிற்று. கம்பியே இல்லாத சிறு பெட்டி பேசுகிறது. பின்னொரு நாள், அக்கரைப்பற்றில் வானொலி திருத்தும் காக்கா ஒருவரிடம் இதனைக் கேட்டேன். அவர் ஒரு பெட்டியின் பின்மூடியைக் கழற்றி, செப்புக் கம்பி சுற்றிய கரிய கோலொன்றைக் காட்டி, "மகன், இதுதான் அதன் ஏரியல், உள்ளே ஒளிந்திருக்கிறது" என்றார். ஒரு சாண் நீளமுள்ள பெரைற்றுக் கோல். 300 மீற்றர் அலையைப் பிடிக்க ஒரு சாண் கோல்! அது பிடிக்கும் சக்தி மிக மிக அற்பம். ஆனால் கேட்பதற்கு அது போதும். ஏன்?

மத்திய அலையிலும் சிற்றலையிலும் வானம் ஒருபோதும் அமைதியாயிருப்பதில்லை. உலகில் எங்கெங்கோ தோன்றும் மின்னல்களின் இரைச்சலும், வான்வெளியின் இரைச்சலும் எப்பொழுதும் கலந்தே வருகின்றன. குட்டைக் கம்பி, நிலையத்தின் குரலை எவ்வளவு குறைத்து வாங்குகின்றதோ, அந்த இரைச்சலையும் அவ்வளவே குறைத்து வாங்குகின்றது. இரண்டும் ஒரே அளவிற் குறைவதால், குரலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம் மாறுவதில்லை. குறைந்ததைப் பெட்டிக்குள்ளே பெருக்கிக் கொள்ளலாம். கேட்பவனுக்கு நட்டம் தெரிவதில்லை.

பேசும்போது கதை மாறிவிடுகின்றது. படகிலிருந்து புறப்படும் குரல் மட்டுமே பன்னிரண்டில் ஒரு பங்காகக் குறைகின்றது. கரையிலே நிற்கும் நெடிய கம்பி வாங்கும் இரைச்சலோ சிறிதும் குறைவதில்லை. குறைந்த குரல் குறையாத இரைச்சலுக்குள்ளே மூழ்கிவிடுகின்றது. கரையிலிருப்பவன் பெட்டியின் ஒலியை எவ்வளவு கூட்டினாலும் இரைச்சலும் சேர்ந்தே கூடும். கம்பி இரு திசையிலும் ஒரே அளவு நட்டத்தையே உண்டாக்கிற்று. நான் படித்த வாக்கியம் உண்மை. கேட்கும்போது அந்த நட்டம் மறைந்திருந்தது, பேசும்போது வெளிப்பட்டது. அதனை நான் எண்ணிப் பார்க்கவில்லை.

இந்த மயக்கத்திற்கு இன்னொரு துணையும் உண்டு. வலிய நிலையமானாலும் மெலிய நிலையமானாலும் ஏறத்தாழ ஒரே ஒலியளவிற் கேட்கும்படி, பெருக்கத்தைத் தானே கூட்டியும் குறைத்தும் கொள்ளும் ஏற்பாடு இன்றைய பெட்டிகளில் இருக்கின்றது. அதனை 1925ஆம் ஆண்டளவில் அமைத்தவர் ஹரல்ட் வீலர் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர். வான்கம்பியின் குறையை நம் செவியினின்று மறைக்கும் ஏற்பாட்டைத் தந்த அவரே, 1947ஆம் ஆண்டில், சிறிய வான்கம்பிகளின் அடிப்படை வரம்புகளைக் கணக்கிட்டு ஒரு கட்டுரையும் எழுதினார். அலைநீளத்தை ஆறேகாலால் வகுத்து, அதனை ஆரையாகக் கொண்டு ஒரு கோளத்தைக் கற்பனை செய்யுங்கள். வான்கம்பி அந்தக் கோளத்தைவிடச் சிறியதாயின், அது தன் அலைக்குச் சிறியது. 27 மெகா ஹேர்ட்ஸில் அந்த ஆரை ஏறத்தாழ ஒன்றேமுக்கால் மீற்றர். ஒரு முழக் கோல் எந்த நிலையில் நிற்கின்றது என்பதை நீங்களே கண்டுகொள்ளலாம்.

மறு ஆண்டு, 1948இல், சீனத்திற் பிறந்து அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் தொழினுட்பக் கழகத்திற் பணியாற்றிய லான் ஜென் சூ என்பவர் இன்னும் ஒரு படி முன்சென்றார். வான்கம்பியை எந்த வடிவில் வளைத்தாலும், எத்தனை முறை சுருட்டினாலும், அதனை முழுவதும் அடக்கும் கோளத்தின் அளவே அதன் எல்லையை விதிக்கின்றது என்று காட்டினார். அவர் கண்ட எல்லை, அலைப்பட்டையின் அகலத்தைப் பற்றியது.

ஊஞ்சலொன்றை நினைத்துக்கொள்ளுங்கள். உராய்வு மிகக் குறைந்த ஊஞ்சலை ஒருமுறை தள்ளினால் நெடுநேரம் ஆடும். ஆனால் அது தனக்கே உரிய தாளத்தில்தான் ஆடும். தாளத்தைச் சற்று மாற்றித் தள்ளினால் ஒத்துழையாது. விரைந்து நிறுத்தவும் முடியாது. சிறிய வான்கம்பியும் அத்தகையதே. பெருஞ்சக்தி அதைச் சுற்றி ஊசலாட, சிறிதளவே வெளியேறுவதால், அது ஒரே மீடிறனைக் கெட்டியாகப் பற்றிக்கொள்கின்றது. மனிதனின் பேச்சோ ஏறியும் இறங்கியும் விரைந்து மாறுவது. அதற்கு அகன்ற பட்டை வேண்டும். இழப்பற்ற சிறிய கம்பியின் அளவைப் பாதியாக்கினால், அதன் பட்டை ஏறத்தாழ எட்டில் ஒரு பங்காக ஒடுங்கிவிடும் என்பது சூ கண்ட விதியின் சாரம். படகிலே இதற்கு இன்னொரு பொருளும் உண்டு. இத்துணை ஒடுங்கிய பட்டையுள்ள கோல், உப்புத் தெறித்து ஈரமானாலும், அருகே ஓர் ஆள் நின்றாலும், தன் தாளத்தினின்று விலகிவிடும்.

பட்டையை அகலமாக்க வழியில்லையா என்றால், உண்டு. வேண்டுமென்றே இழப்பைக் கூட்டலாம். அப்பொழுது வினைத்திறன் போய்விடும். ஆகவே சிறுமை, வினைத்திறன், அகலம் என்னும் மூன்றில் இரண்டை நாம் விரும்பியவாறு பெறலாம். மூன்றாவதை விட்டுக்கொடுத்தேயாக வேண்டும்.

சிறிய வான்கம்பி என்றதும் கைக்கு அடங்குவதையே நாம் எண்ணுகிறோம். பாக்கு நீரிணைக்கு அப்பால், திருநெல்வேலி மாவட்டத்து விஜயநாராயணத்தில், உலகிற் பெரியவற்றுள் ஒன்றான சிறிய வான்கம்பி நிற்கின்றது. முரண்போலத் தோன்றினும் இது உண்மை. இந்தியக் கடற்படையின் கட்டபொம்மன் நிலையம் அது. 1990ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கியது. அங்குள்ள கம்பங்களின் உயரம் 471 மீற்றர். கொழும்புத் தாமரைக் கோபுரம் சுமார் 350 மீற்றர்தான் என்பதை நினைவிற் கொள்க. ஆயினும் அந்த நிலையம் பயன்படுத்தும் மீடிறன் 18.2 கிலோ ஹேர்ட்ஸ். அதன் அலைநீளம் பதினாறரைக் கிலோமீற்றர். ஆகவே விண்ணைத் தொடும் அக்கம்பம் தன் அலையின் முப்பத்தைந்தில் ஒரு பங்கேயாகும்.

இத்துணை நெடிய அலை எதற்கு? குறுகிய அலைகள் கடல்நீரில் நுழைந்ததும் மடிந்துவிடும். இந்த நெடிய அலையோ 10 முதல் 20 மீற்றர் ஆழம்வரை இறங்கும். நீருக்கடியில் மறைந்திருக்கும் நீர்மூழ்கிக் கப்பலுக்குக் கரையிலிருந்து சொல்லக்கூடியது அதன் மூலந்தான். ஆனால் சூ கண்ட விதி அங்கும் தன் வரியை வாங்குகின்றது. பேச்சொலிக்கு வேண்டிய சுமார் 3,000 ஹேர்ட்ஸ் அகலம் அங்கே கிட்டாது. எனவே குரலை அனுப்ப இயலாது. குறியீட்டு எழுத்துகளையே மெதுவாக அனுப்புகிறார்கள். கப்பலோ அவ்வலையைக் கேட்கும். அவ்வலையில் மறுமொழி கூறாது. 471 மீற்றர்க் கம்பத்தைக் கப்பல் சுமப்பதெங்ஙனம்? என் மாணவரின் இரவும் அந்தக் கப்பலின் நிலையும் அடிப்படையில் ஒன்றே. கப்பலில் உள்ளவர்கள் அதனை முன்கூட்டியே அறிந்திருக்கிறார்கள். அவர் அறிந்திருக்கவில்லை.

நீர்மூழ்கிக் கப்பலுக்கும் எங்கள் வானொலிக்கும் ஒரு பழைய உறவும் உண்டு. 1923ஆம் ஆண்டில், கொழும்பு மத்திய தந்தி அலுவலகத்தின் ஓர் அறையிலிருந்து எட்வர்ட் ஹாப்பர் என்பவரின் முயற்சியால் இசைத்தட்டு ஒலி முதன்முதலாக வானலையில் ஏறியது. அந்த ஒலிபரப்பியை, கைப்பற்றப்பட்ட ஜேர்மானிய நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலிக் கருவிகளைக் கொண்டே அமைத்தார்கள். 1925ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆந் திகதி கொழும்பு வானொலி முறையாகத் தொடங்கியது. அதற்கும் முன்னர், 1901ஆம் ஆண்டு டிசம்பரில், அத்திலாந்திக் கடலைத் தாண்டிய குறியைப் பிடிக்க முயன்ற மார்க்கோனி, சுமார் 150 மீற்றர்க் கம்பியைக் காற்றாடியிற் கட்டிப் பறக்கவிட்டார். அக்காலத்து நெடிய அலைகளுக்கு நெடிய கம்பிகளே வேண்டியிருந்தன.

இப்பொழுது ஒரு நேயர் கேட்கக்கூடும்: "என் கைத்தொலைபேசியிலே கம்பியே தெரியவில்லையே, அது பேசவும் செய்கிறதே, விதி எங்கே போயிற்று?" நல்ல கேள்வி. கைத்தொலைபேசி 900 மெகா ஹேர்ட்ஸில் இயங்கும்போது அதன் அலைநீளம் 33 சென்றிமீற்றர். நான் முன்னர் கூறிய கோளத்தின் ஆரை ஐந்தேகால் சென்றிமீற்றர். தொலைபேசியின் உடல் முழுவதும் வான்கம்பியோடு சேர்ந்து பணியாற்றுவதால், அது தன் அலைக்கு மிகச் சிறியதன்று. அங்கே அலையே குறுகிவிட்டது. விதி அப்படியே நிற்கின்றது. அலை குறுகியதற்கு ஈடாக, அது தொலைவு செல்வதும் குறைந்தது. அதனாலேதான் சில கிலோமீற்றருக்கு ஒரு கோபுரம் நிற்கின்றது. கரையைவிட்டு வெகுதூரம் சென்றதும் கைத்தொலைபேசி அடங்கிவிடுவதும் அதனாலேயே.

ஆகவே, சந்தையிலே ஒருவர் விரல் நீளக் கோலையோ, ஒட்டிக்கொள்ளும் தகட்டையோ காட்டி, "இது சிறியது, வலியது, எல்லா அலைக்கும் ஏற்றது" என்று சொன்னால், மூன்றில் எதனை விட்டுக்கொடுத்தீர் என்று கேளுங்கள். நேர்மையான விற்பனையாளர் அதற்கு விடை சொல்வார்.

கடற்றொழில் செய்யும் நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். கரையின் குரல் உங்களுக்கு நன்றாகக் கேட்பதைக்கொண்டு உங்கள் கோலை மதிப்பிட வேண்டாம். புறப்படும்போது ஒரு முறையும், கரை கண்ணுக்கு மறையும்போது ஒரு முறையும் கூப்பிட்டு, "என் குரல் எப்படிக் கேட்கிறது?" என்று கேளுங்கள். மறுமுனையிலிருப்பவர் கூறும் விடையே உண்மையான அளவு. வலைக்கு இடைஞ்சலென்றால், மடித்து நிமிர்த்தும் கீலொன்றை அடியிற் பொருத்துங்கள். கோலைக் குறைக்காதீர்கள்.

என் மாணவரின் படகில் இன்று நெட்டைக் கோல் மீண்டும் நிற்கின்றது. கீலை அவரே அமைத்தார். நான் அவரிடம் சென்று என் பிழையைச் சொன்னபோது, "சேர், நீங்கள் சொன்னதால் மட்டுமல்ல, எனக்கும் வலை சுலபமாயிருந்ததே" என்றார். அது அவருடைய பெருந்தன்மை. ஆயினும் கேட்டவர் மாணவர். விடை சொன்னவன் ஆசிரியன். அரைகுறையாய் அறிந்ததை முழுதாய் அறிந்தவன்போற் சொல்லிவிட்டேன். அன்றுமுதல் எங்கள் பாடசாலையிலே, எனக்குத் தெரியாத பொருளில் ஒரு பிள்ளை கேள்வி கேட்டால், "நாளை வா, நான் பார்த்துச் சொல்கிறேன்" என்று சொல்லப் பழகிக்கொண்டேன்.

நேயர்களே, இவ்வளவு நேரம் நான் பேசினேன், நீங்கள் கேட்டீர்கள். என் குரல் உங்களுக்கு எப்படிக் கேட்டது என்பதை நீங்கள் எழுதினாலன்றி நான் அறியேன்.